மூடப் போறேன், வந்து பாத்துருங்க

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போயிருக்கிறது. சனிக்கிழமை காலை, கடை முழுக்க ஆள், ஒருவர் சீட் உறைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருப்பார், நான் ரசீது எழுதிக்கொண்டிருப்பேன். அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து எங்கள் பலகைக்காரர் வருவார். கைகளில் கம் பசை காய்ந்து தோல் போல உரிந்துகொண்டிருக்கும். யாருடைய காரோ அவரைக் கண்டுபிடித்து, அவர் முகத்துக்கு நேராகச் சொல்வார்.

“பாஸ், மூடப் போறேன், வந்து பாத்துருங்க.”

கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் எங்கள் கடை. காரின் உள்வேலை மட்டும் செய்வோம். என் வீட்டுக்காரர் தையல் மிஷினில், நான் முன்மேசையில், அவர் பின்னால் பலகைகளோடு. கடை திறந்த நாளிலிருந்து இருந்தார். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தவர். நான் அண்ணே என்பேன். அவர் என்னை ‘மா’ என்பதோடு சரி.

வேலையைக் குறை சொல்ல முடியாது. கதவின் உள்பலகையைக் கழற்றுவார். பழைய வினைலை உரித்து, துருப்பிடித்த ஸ்டேப்பிள் ஊசிகளைக் குறட்டால் பிடுங்குவார். பலகையிலும் புது வினைலின் முதுகிலும் கம் தடவி, இரண்டும் விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும் வரை காத்திருப்பார். பிறகு ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்த வேண்டும். வைத்தால் வைத்ததுதான், திரும்ப எடுத்தால் வினைல் நாசம். ஓரங்களைப் பின்பக்கம் மடித்து, கம்ப்ரசரில் மாட்டிய துப்பாக்கியால் டக் டக்கென்று ஸ்டேப்பிள் அடித்து, பலகையைக் கதவில் மாட்டினால் முடிந்தது. தரைக் கார்ப்பெட்டும் அப்படித்தான். ஊரில் உள்ள எல்லாக் கடையிலும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எந்தக் கடையிலும், ஒட்டுவதற்கு முன்னால் காருக்குச் சொந்தக்காரரை இழுத்துப்போய், “இதான் ஒங்க காடிக்கு உள்ள இருக்கு” என்று காட்டுவதில்லை.

என்ன இருக்கும்? துரு இருக்கும். காய்ந்த சோறு இருக்கும். பிள்ளைகள் கக்கியது, செத்த எலி, சாமி படம், பல்லுக்குத்தும் குச்சி, போலீஸ் எழுதிக் கொடுத்த பழைய சம்மன், எல்லாம் இருக்கும். யாருக்கு அதைப் பார்க்க ஆசை? தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரைப் பக்கத்துக் கடையிலிருந்து கூட்டிவந்து எலியைக் காட்டியிருக்கிறார். அந்த ஆள் மிச்சத் தோசையைச் சாப்பிடப் போகவேயில்லை.

“அண்ணே, அவருக்கு எதுக்கு எலி? தூக்கிப் போட்டுட்டு ஒட்ட வேண்டியதுதான?”

“அவரு காடிமா.”

“எலி அவரு எலி இல்லயே!”

“இவ்வளவு நாளா வாடையோட ஓட்டிருக்காரு. எங்கேருந்து வந்துச்சின்னு தெரிய வேணாமா?”

இப்படிச் சொல்லிக்கொண்டே கையிலிருந்து கம்மை உரித்து, விரலால் உருட்டி உருண்டையாக்கி, என் மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டிவைத்துவிட்டுப் போவார். மாலையில் பிளேடால் சுரண்டுவது என் வேலை. அதையும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாயிற்று.

ஒருமுறை புருஷன் பெண்டாட்டி இருவரும் கார் எடுக்க வந்தார்கள். புதுக் கார்ப்பெட், கறுப்பு நிறம், அழகாக வந்திருந்தது. நான் ரசீது எழுதி முடித்து, நிம்மதியாக மூச்சுவிட்ட நேரத்தில் இவர் வந்தார். உள்ளங்கையை விரித்து அந்த அம்மாவிடம் நீட்டினார். ஒற்றைக் கம்மல். தொங்கட்டானும் பச்சைக் கல்லும் வைத்தது.

“அக்கா, இது ஒங்களோடதா? சைட் சீட்டுக்கு அடியில கெடந்துச்சி.”

அந்த அம்மா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அவர் காதில் இருந்தது சின்னப் பொட்டுத் தோடு. “என்னோடது இல்லயே,” என்றார். புருஷன்காரர் எங்கள் கம்ப்ரசரை வாழ்நாளில் முதல்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். கிளம்பும்போது அந்த அம்மா பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். அவர்கள் மறுபடி எங்கள் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

“அண்ணே, அத அந்த ஆளு கையில தனியா குடுத்திருக்கலாம்ல?”

“அவருகிட்ட குடுத்தா அவரு யாருகிட்ட குடுப்பாரு?” என்று உண்மையாகவே யோசித்துக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வேலைக்குத் திரும்பிய நாளில், நலம் விசாரித்த ஒவ்வொருவருக்கும் சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினார். சும்மா மருமகளோடு கடைக்கு வந்திருந்த ஒரு வயதான அம்மா, விசாரிக்காமலேயே அதைப் பார்க்க வேண்டியதாயிற்று. “சாமி, மூடுப்பா,” என்று அவர் கண்ணைப் பொத்திக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இதெல்லாம் பரவாயில்லை. பழைய கார் வியாபாரி விஷயத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது. மழைக்காலத்தில் இங்கே தாழ்வான பகுதிகளில் வெள்ளம் வந்தால் கார்கள் ஸ்டியரிங் வரை முங்கிவிடும். அந்தக் கார்களை ஒருவர் மலிவாக வாங்கி எங்களிடம் கொண்டுவருவார். ஒன்றிரண்டு இல்லை, கூட்டமாக வரும். எல்லாவற்றுக்கும் கதவுப் பலகை, கார்ப்பெட், கூரைத்துணி. மந்தமான மாதங்களில் கடை ஓடியதே அந்த ஆளால்தான். ஒருமுறை அப்படி வந்தவற்றில் இவர் கார்ப்பெட்டை உரித்தார், அடியில் சேறு பாளம் பாளமாக இருந்தது, கழுவினார், காயவைத்தார். எல்லாம் செய்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

“வாங்கப் போறவர வரச் சொல்லுங்க பாஸ். மூடுறதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்துரட்டும்.”

அந்த வியாபாரி ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். இவரும் கூடச் சிரித்தார். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கும் மறுநாள் இழுவை லாரி வந்து எல்லாக் கார்களையும் வேறு கடைக்குக் கொண்டுபோனது. உள்ளே வெறும் தகரத்தோடு அவை வரிசையாகப் போவதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

“நம்ம வேலை ஒட்டுறதுண்ணே! யாரு யாருக்கு விக்கிறாங்கன்னு நமக்கு என்னா?”

“ஒட்டுறேன்மா. ஒட்ட மாட்டேன்னு சொன்னேனா? பாத்துட்டு ஒட்டலாம்னுதான சொன்னேன்.”

என் வீட்டுக்காரர் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவருக்கு இவரைக் கண்டிக்க வாய் வராது. இந்தக் கை வேறு எவனுக்கும் வராது என்பதே அவருடைய ஒரே பதில். அந்தக் கையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கோபம் வருமே தவிர அவர்மேல் வெறுப்பு வந்ததில்லை. மதியம் நான் கொண்டுபோகும் குழம்பில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கும். என் தங்கை விஷயம் வரும் வரை அப்படித்தான் இருந்தது.

தங்கையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே கோயிலில் தாலி கட்டுவதற்குப் பல மாதங்கள் முன்பே ரெஜிஸ்டர் பண்ணிவிடுவார்கள். சட்டப்படி அன்றைக்கே புருஷன் பெண்டாட்டி. ஆனால் தாலி ஏறுகிற வரை பெண் அவள் வீட்டில், பையன் அவன் வீட்டில். என் தங்கைக்கு ரெஜிஸ்டர் ஆனது. மண்டபம் பேசி, பத்திரிகைக்கு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். போனவன் அங்கேயே வேறொருத்தியோடு இருந்துவிட்டான். பிறகு வக்கீல், கோர்ட், விவாகரத்து. சேலையைக்கூடக் கட்டிப் பார்க்காத பெண்ணுக்கு விவாகரத்துப் பத்திரம் கிடைத்தது. ரெஜிஸ்டருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் எங்கள் பலகைக்காரரும் ஒருவர். அப்பா இல்லாத வீடு என்பதால் கூப்பிட்டிருந்தோம். கையில் கம் இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அம்மா தெளிவாக இருந்தார். “தாலி ஏறாதது கல்யாணமா? அது வெறும் கையெழுத்து.” நானும் அதைத்தான் சொன்னேன். இப்போதும் சொல்வேன்.

சில வருடங்கள் கழித்து, தங்கை முப்பதைத் தாண்டிய பிறகு, உறவுக்காரர் மூலம் ஒரு வரன் வந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜன்சியில் வேலை, அமைதியான முகம். முறைப்படி பெண் பார்க்க வரட்டும், ஆனால் அதற்கு முன்னால் இருவரும் சாதாரணமாகப் பேசிப் பழகட்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன். அவருடைய பழைய காரில் கதவுப் பலகைகள் நான்கிலும் வினைல் வெடித்துப்போயிருந்தது. சனிக்கிழமைகளில் தங்கை கடையில் கணக்குப் பார்ப்பாள். “காடிய இங்க விடுங்க தம்பி, வாரம் ஒரு கதவா செஞ்சிரலாம்,” என்றேன். யாரும் வாரம் ஒரு கதவு செய்வதில்லை. அது அவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

வந்தார். தங்கையோடு பேசினார். பக்கத்துக் கடையிலிருந்து தே தாரிக் டீ வாங்கிவந்து கொடுத்தார். மூன்று கதவு முடிவதற்குள் இரண்டு பேர் முகத்திலும் ஒரு மலர்ச்சி வந்துவிட்டது. அம்மா பரிசம் போட நாள் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது தங்கை, “ரெஜிஸ்டர் விஷயத்த இப்பவே சொல்லிரலாமே,” என்றாள். அம்மா கையை உதறினார். “பரிசம் முடியட்டும். அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்.” நான் அம்மா பக்கம் பேசினேன். தங்கை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்த சனிக்கிழமை நான்காவது கதவு. பின்கட்டில் பலகையில் கம் தடவியாயிற்று என்று வாடை சொன்னது. அவர் முன்பக்கம் வந்தார்.

“தம்பி, மூடப் போறேன், வந்து பாத்துருங்க.”

போனார். நான் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தேன். இருவரும் பலகைமேல் குனிந்திருந்தார்கள். கதவுப் பலகையில் பார்க்க அவ்வளவு என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இவர் வினைலைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அந்தத் தம்பி நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது. முன்பக்கம் வந்து, தங்கையைப் பார்க்காமல், “வரேன்கா, கொஞ்சம் வேல இருக்கு,” என்று சாவியை எடுத்துக்கொண்டார்.

“தம்பி, கதவு இன்னும் முடியலயே!”

“பரவால்லகா.”

மூன்று கதவு புதுப் பலகையோடும் ஒரு கதவு வெறும் தகரத்தோடும் அந்தக் கார் போயிற்று. இரண்டு நாள் கழித்து அவருடைய அம்மா என் அம்மாவுக்குத் தொலைபேசி செய்தார். ஏற்கெனவே ரெஜிஸ்டர் ஆன பெண் என்று ஏன் சொல்லவில்லை, கடையில் வேலை செய்கிறவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிய வேண்டுமா என்று கேட்டார். அதோடு முடிந்தது.

நான் அவரைக் கடையில் வைத்துத் திட்டிய திட்டு மேரு சாலை முழுக்கக் கேட்டிருக்கும். வாடிக்கையாளர் இருந்தார்கள், எனக்குக் கவலையில்லை.

“எங்க குடும்பத்து விஷயத்த சொல்ல நீங்க யாருண்ணே? எலியும் துருவும் என் தங்கச்சியும் ஒண்ணா? அவ வாழ்க்கைய வச்சா ஒங்க வெளையாட்டு?”

தங்கை அப்போது மேசையில்தான் இருந்தாள். எழுந்து நின்றாள். நான் அவள் பக்கம் திரும்பினேன், அழுதுகொண்டு வெளியே போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை, திரும்ப உட்கார்ந்துவிட்டாள். அவர் கம்மை உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். எதற்கெடுத்தாலும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர், அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“சொன்னேன்மா. ஆமா, நான்தான் சொன்னேன்.”

அப்புறம் போய் ஸ்டேப்பிள் அடிக்க ஆரம்பித்தார்.

அதிலிருந்து வேலை விஷயம் தவிர அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குழம்பில் பங்கையும் நிறுத்தினேன். அவர் தன்பாட்டுக்கு வந்து, “மூடப் போறேன்மா,” என்பார். நான் வாயைத் திறக்காமல் போய்ப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் திரும்புவேன். மேசை விளிம்பில் உருண்டைகள் எப்போதும் போல இருக்கும். தங்கை தலைநகர்ப் பக்கம் பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை தேடிக்கொண்டு அங்கேயே அறை எடுத்துப் போனாள். அவள் போனதற்கும் அவர்தான் காரணம் என்று நான் மனதுக்குள் எழுதிக்கொண்டேன். பிறகு அவருக்குக் கண்ணில் புரை விழுந்து, ஜெஞ்சாரோமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வழியனுப்பக்கூட நான் எழுந்திருக்கவில்லை.

போன மாதம் அவர் பேத்திக்குக் காதுகுத்து என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார். நான் வரமாட்டேன் என்றேன். தங்கை பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தாள். வேறு வழியில்லாமல் ஏறினேன். பந்திங் சாலையில் போகும்போது வழக்கம்போல என் புராணத்தைத் தொடங்கினேன். அந்த ஆள் வாயால்தான் உன் வாழ்க்கை இப்படி ஆனது என்று வந்ததும் அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

“அக்கா, நான்தான் அண்ணேகிட்ட சொல்லச் சொன்னேன்.”

எனக்குப் புரியவில்லை. “என்னத்த?”

“ரெஜிஸ்டர் ஆனத. நாளைக்குக் கடைசிக் கதவ மூடுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லிருங்கண்ணேன்னு கேட்டேன். அவரு மொதல்ல, நீயே சொல்லுமான்னாரு. எனக்கு வாய் வரல. ஒனக்கும் அம்மாவுக்கும் தெரியாம வேற யாருகிட்ட போயி கேக்குறது?”

“பரிசம் முடிஞ்சி சொல்லலாம்னுதானடி இருந்தோம்!”

“பரிசத்துக்கு அப்புறம் அவரு போயிருந்தா? திருப்பியும் ஊரே வந்து எங்கிட்ட கேக்கும். ஒரு தடவ பட்டது போதும்கா. கேட்டுட்டு வர்ற ஆளா இருந்தா வரட்டும்னு நெனச்சேன். வரல. அவ்ளோதான்.” அவள் காரின் பின்பார்க்கும் கண்ணாடியை நேராக்கினாள். “நல்லாதான் இருக்கேன் இப்ப. நீதான் நான் நல்லா இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்க.”

“அன்னிக்கி நான் அந்தத் திட்டு திட்டுறேன், நீ பாத்துக்கிட்டுதான இருந்த?”

“சொல்லலாம்னு எந்திரிச்சேன். ஒனக்குப் பின்னால நின்னு அண்ணே வேணாம்னு கையக் காட்டுனாரு.”

அவள் வண்டியை எடுத்தாள். ஆத்திரமா, வெட்கமா, இரண்டும்தான். எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்து காட்டி என் உயிரை வாங்கின மனிதருக்கு, காட்ட வேண்டிய இந்த ஒன்றைக் காட்டத் தெரியவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அவர் மகள் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தது. தடித்த கண்ணாடியோடு அவர் எழுந்து வந்தார். என்னைப் பார்த்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றி, இமையை விரலால் இழுத்துப் பிடித்து, “பாருமா, உள்ள வேற லென்ஸ் வச்சிருக்கான்,” என்று காட்டினார்.

“அண்ணே, அத அப்புறம் பாக்கறேன். ஏன்ணே எங்கிட்ட சொல்லல?”

அவர் தங்கையைப் பார்த்தார். “சொல்லிட்டாளா?”

“ஊர் எலிய எல்லாம் காட்டுனீங்க. இத ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “என்னத் திட்டுனா, நான் சாயந்தரம் கடைய மூடிட்டு வீட்டுக்குப் போயிருவேன்மா. அவளத் திட்டுனா அவ எங்க போவா? ஒங்க வீட்லதான இருக்கணும்.” பிறகு கொஞ்சம் தயங்கி, “நீயும் ஒரு வாரத்துல ஆறிருவன்னு நெனச்சேன்,” என்றார்.

“ஒரு வாரமா? வருஷக் கணக்கா பேசலண்ணே ஒங்ககூட!”

“ஆமா லா. அதுதான் கொஞ்சம் தப்பாப் போச்சி.”

எனக்கு வந்ததே பாருங்கள் ஒரு கோபம். காதுகுத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட, விட்டுப்போன வருடங்களுக்கும் சேர்த்துத் திட்டினேன். கம் உருண்டைகளுக்காகத் திட்டினேன், கம்மலுக்காகத் திட்டினேன், இழுவை லாரிக்காகத் திட்டினேன். என் தங்கைக்காகத் திட்ட வந்தபோது வார்த்தை வரவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, பின்னால் திரும்பி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டார்.

“உக்காந்து திட்டுமா. கால் வலிக்கும்.”